ஹைக்யூ!! படிக்கத் தொடங்குபவருக்கு ஒரு கையேடு

ஹருஇச்சி ஃபுருதாதே எழுதி வரைந்த ஹைக்யூ!!, ஜப்பானின் வடகிழக்கே மியாகி மாகாணத்தில் உள்ள கராசுனோ என்ற உயர்நிலைப் பள்ளியின் வாலிபால் அணியைப் பற்றிய மாங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை. ஷோனென் ஜம்ப் வார இதழில் 2012 பிப்ரவரியில் தொடங்கி 2020 ஜூலையில் முடிந்தது. 402 அத்தியாயங்கள், 45 தொகுதிகள். எண்ணிக்கையைப் பார்த்து மலைக்க வேண்டாம். ஒரு தொகுதி ஏறக்குறைய இருநூறு பக்கம்; வேகமாகப் படிப்பவர் முக்கால் மணி நேரத்தில் முடித்துவிடலாம்.

ஆனால் அந்த வேகம்தான் இந்தத் தொடரைக் கெடுக்கிறது. பந்து எங்கே போகிறது, யார் எதற்காக எங்கே நிற்கிறார் என்று தெரியாமல் படித்தால், பக்கத்துக்குப் பக்கம் யாரோ குதிக்கிறார்கள், யாரோ கத்துகிறார்கள் என்பதுதான் மனதில் நிற்கும். பத்தாவது தொகுதியில் அலுத்துப்போய் மூடி வைப்பவர்களில் பெரும்பாலோர் இப்படிப் படித்தவர்கள். அரை மணி நேரம் ஒதுக்கி ஆட்டத்தைப் புரிந்துகொண்டு தொடங்குபவர்கள் அநேகமாகக் கைவிடுவதில்லை. ஆட்ட முடிவுகளை இங்கே கூடுமானவரை சொல்லாமல் விட்டிருக்கிறோம்.

எந்த வடிவில் படிப்பது

ஆங்கிலப் பதிப்பு விஸ் மீடியாவுடையது. அச்சுப் புத்தகமாக 2016 முதல் வந்தது. அதே நிறுவனத்தின் ஷோனென் ஜம்ப் செயலி இந்தியாவிலும் கிடைக்கிறது. மாதச் சந்தா கட்டினால் தொடரைப் படிக்கலாம். முதல் சில அத்தியாயங்களைச் சந்தா இல்லாமலே பார்க்கலாம். ஆங்கிலம் கடினமில்லை. எட்டாம் வகுப்பு மாணவர் அகராதியைப் புரட்டாமல் படித்துவிடுவார். தடுமாற வைப்பது வாலிபால் சொற்கள் மட்டும்தான், அவற்றைக் கீழே பார்ப்போம்.

மாங்காவுக்குப் புதியவர் என்றால், புத்தகம் வலமிருந்து இடமாகப் போகும். பக்கத்தின் வலது மேல் மூலையில் தொடங்கி, இடப்பக்கம் போய், அடுத்த வரிசைக்கு மறுபடி வலப்பக்கம் வர வேண்டும். ஒரே கட்டத்துக்குள் இரண்டு பேச்சுக் குமிழ்கள் இருந்தால் வலது குமிழ்தான் முதலில். ஒரு தொகுதி முடிவதற்குள் கண் பழகிவிடும். அதுவரை உரையாடல் முன்பின் மாறினாற்போல் தோன்றினால் கதையைக் குறை சொல்லாமல் கண் போன வழியைச் சரிபாருங்கள்.

கைபேசியில் படிப்பவர்களுக்கு ஒரு முக்கியமான குறிப்பு. ஃபுருதாதே ஓர் ஆட்டத்தின் உச்சத்தை இரண்டு பக்கங்களை இணைத்த ஒரே படமாக வரைவார். கைபேசியை நிமிர்த்திப் பிடித்திருந்தால் அந்தப் படம் பாதியாக வெட்டுப்படும், அல்லது தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கிவிடும். சர்வீஸ் முடிந்து பந்து வலைக்கருகே எழும்பும் பக்கம் வந்ததும் கைபேசியைப் படுக்கவாட்டில் திருப்பிக்கொள்ளுங்கள். டேப்லெட் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. முதல் மூன்று தொகுதிகளையாவது அச்சில் வாங்குவது எங்கள் பரிந்துரை. இணையத்தில் சுற்றும் அனுமதியற்ற நகல்களில் ஆட்டக்காரர்களின் இடப் பெயர்கள் அத்தியாயத்துக்கு அத்தியாயம் மாறும். ஆட்டத்தைப் புரிந்துகொள்ள முயலும் ஒருவருக்கு அதைவிடப் பெரிய இடைஞ்சல் இல்லை.

பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. அணிக்குள் பெரும்பாலும் குடும்பப் பெயரால்தான் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். நாயகன் ஹினாட்டா ஷோயோவில் ஹினாட்டா என்பது குடும்பப் பெயர். திடீரென்று ஒருவர் அவனை ஷோயோ என்று அழைத்தால், அவர் மனதளவில் நெருங்கிவிட்டார் என்று பொருள்.

ஒரு தாள், ஆறு காசுகள்

முதல் தொகுதியைத் திறக்கும் முன் இதைச் செய்யுங்கள். தாளில் ஒரு சதுரம் வரையுங்கள். அதுதான் ஓர் அணியின் பாதி மைதானம்: 9 மீட்டருக்கு 9 மீட்டர். மேல் விளிம்பு வலை. வலையிலிருந்து 3 மீட்டர் தள்ளி, அதாவது மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில், ஒரு குறுக்குக் கோடு போடுங்கள். கோட்டுக்கு மேலே மூன்று காசு, கீழே மூன்று காசு. மேலே இருப்பவர்கள் முன்வரிசை, கீழே இருப்பவர்கள் பின்வரிசை.

கீழே வலது மூலையில் இருப்பவர்தான் சர்வீஸ் போடுபவர். எதிரணி சர்வீஸ் போட்டு, புள்ளியை நம் அணி எடுத்தால், சர்வீஸ் நமக்கு வரும். அப்போது ஆறு பேரும் கடிகார முள் சுற்றும் திசையில் ஓரிடம் நகர்வார்கள். முன்வரிசை வலது ஓரத்தில் இருந்தவர் பின்னே இறங்கிச் சர்வீஸ் போடுவார். நம் சர்வீஸிலேயே புள்ளி எடுத்தால் யாரும் நகர மாட்டார்கள். காசுகளை ஒரு முழுச் சுற்று நகர்த்திப் பாருங்கள், கை பழகிவிடும். சுழற்சியைக் கண்டிப்பாகப் பார்க்காத மாலை நேர ஆட்டங்களில் ஆடிப் பழகியவர்கள்கூட இந்த ஒரு பயிற்சியைத் தவிர்க்கக் கூடாது. ஹைக்யூவில் பாதித் திட்டங்கள் இந்தச் சுழற்சியின் மேல்தான் நிற்கின்றன.

பின்வரிசையில் இருப்பவர் அந்த 3 மீட்டர் கோட்டுக்கு முன்னால் இருந்து எம்பி, வலைக்கு மேலே இருக்கும் பந்தை அடித்து அனுப்பக் கூடாது. பிளாக்கும், அதாவது வலைக்கு மேலே கைகளை உயர்த்தி எதிரணி அடியைத் தடுப்பதும், செய்யக் கூடாது. கோட்டுக்குப் பின்னால் இருந்து எம்பினால் அடிக்கலாம். அடிப்பவருக்கு வாகாகப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவர் செட்டர். ஆகவே செட்டர் முன்வரிசையில் இருக்கும்போது முன்னால் இருந்து அடிக்க அவரைத் தவிர இரண்டு பேர்தான். செட்டர் பின்வரிசைக்குப் போனால் மூன்று பேர். எதிரணி ஏன் ஒரு சுற்றில் நிம்மதியாகவும் அடுத்த சுற்றில் பதற்றமாகவும் இருக்கிறது என்பதற்கு இதுவே விடை.

அடுத்தது புதிய வாசகர்கள் எல்லோரும் குழம்பும் இடம்: நன்றாக ஆடிக்கொண்டிருந்த ஹினாட்டா ஏன் திடீரென்று வெளியே போய் நிற்கிறான்? ஹினாட்டா நடு பிளாக்கர், அதாவது வலையருகே நடுவில் நின்று தடுப்பவன். அந்த இடத்துக்கு அணியில் இரண்டு பேர், அவனும் சுகிஷிமாவும். இருவரும் சுழற்சியில் எதிரெதிர் மூலைகளில் இருப்பதால் ஒருவர் முன்னே என்றால் மற்றவர் பின்னே. பின்னே போகிறவருக்குப் பதிலாக லிபெரோ நிஷினோயா உள்ளே வருவான். லிபெரோ வேறு நிறச் சட்டை அணிந்த, தடுப்பாட்டத்துக்கென்றே இருக்கும் ஆட்டக்காரர். அவர் உள்ளே வந்துபோவது ஆள்மாற்றக் கணக்கில் சேராது. ஆனால் அவர் சர்வீஸ் போடக் கூடாது. அதனால் ஹினாட்டா முன்வரிசையில் மூன்று சுற்று ஆடி, பின்னால் வந்து சர்வீஸ் போட்டு, சர்வீஸ் கைவிட்டுப் போனதும் வெளியேறுகிறான். இரண்டு காசுகளுக்கு மட்டும் பொட்டு வைத்து நகர்த்திப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும். ஹினாட்டா வெளியே நின்று ஆட்டத்தை ஏக்கத்தோடு பார்க்கும் பக்கங்கள் தொடரில் நிறைய உண்டு. விதி தெரிந்தால்தான் அந்த ஏக்கம் புரியும். ‘பின்வரிசையில் நீ தேவையில்லை’ என்று அணியே அவனிடம் சொல்வது போன்ற நிலை அது.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஓர் அணி பந்தை மூன்று முறை தொடலாம். பிளாக்கில் பட்டது கணக்கில் வராது. பிளாக் செய்தவர் ‘ஒன் டச்’ என்று கத்தினால், பந்து விரலில் உரசி வேகம் குறைந்துவிட்டது, பின்னால் இருப்பவர்களே எடுத்துவிடுங்கள் என்று சேதி. 25 புள்ளிக்கு ஒரு செட், இரண்டு புள்ளி வித்தியாசம் வேண்டும், ஐந்து செட் ஆட்டத்தில் ஐந்தாவது செட் மட்டும் 15. ஒரு செட்டுக்கு ஒவ்வோர் அணிக்கும் முப்பது விநாடி ஓய்வு இரண்டு. ஓரத்தில் ஒருவர் எண் எழுதிய பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றால், அந்த எண்ணுள்ளவர் வெளியே வரப்போகிறார்.

இன்னும் ஒரே ஓர் அளவு. ஆண்கள் வலையின் உயரம் 2.43 மீட்டர். தொடக்கத்தில் ஹினாட்டாவின் உயரம் 162.8 சென்டிமீட்டர். வலை அவன் தலைக்கு மேலே இன்னும் 80 சென்டிமீட்டர். வீட்டுச் சுவரில் 243 சென்டிமீட்டரில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு அதன் கீழே நின்று பாருங்கள். வலைக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்காகவே குதிக்கிறான் ஒருவன் என்றால் அது என்ன ஆசை என்று அப்போது தெரியும்.

முதல் எட்டுத் தொகுதிகள்

முதல் அத்தியாயம் நடுநிலைப் பள்ளியில் நடக்கிறது. ஹினாட்டா தன் முதல் அதிகாரபூர்வ ஆட்டத்தில், ‘மைதானத்தின் அரசன்’ என்று பெயரெடுத்த செட்டர் ககேயாமாவிடம் தோற்கிறான். உயர்நிலைப் பள்ளிக்கு வந்தால் அதே ககேயாமா அதே அணியில் நிற்கிறான். முதல் தொகுதியில் இருவரும் சண்டை போட்டுக்கொண்டே இருப்பார்கள். ‘இது வழக்கமான பகைவர்-நண்பர் கதை’ என்று இங்கே முடிவுகட்டி விலகுபவர்கள் உண்டு. மூன்றாம் தொகுதி வரை பொறுத்திருங்கள். லிபெரோ நிஷினோயாவும், பிளாக்கில் மாட்டி மனமுடைந்துபோன ஏஸ் (அணி நம்பியிருக்கும் முதன்மை அடிப்பவன்) அசாஹியும் அதற்குள் வந்துவிடுகிறார்கள். கதை இரண்டு பையன்களுடையது மட்டும் இல்லை, மொத்த அணியுடையது என்பது அங்கேதான் வெளிப்படுகிறது. மூன்று தொகுதிக்குப் பிறகும் ஒட்டவில்லை என்றால் இது உங்களுக்கான தொடர் இல்லை, தாராளமாக விட்டுவிடலாம்.

வாலிபால் ஆடியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஹினாட்டா கண்ணை மூடிக்கொண்டு எம்ப, ககேயாமா அவன் கை வீசும் இடத்துக்கே பந்தைக் கொண்டுவந்து வைக்கும் அந்த வேக அடி நிஜத்தில் நடக்காதே என்று தோன்றும். தோன்றட்டும். அதை மட்டும் தொடரின் அனுமானமாக ஏற்றுக்கொண்டு நகருங்கள். பின்னாளில் ஃபுருதாதேவே அதன் குறையை எடுத்துப் பேசுகிறார். கண்ணை மூடி அடிப்பவனுக்கு எதிரே யார் நிற்கிறார் என்று தெரியாது. தெரியாதவரை அவன் செட்டரின் கைப்பாவைதான். அந்தக் கேள்வியிலிருந்துதான் ஒன்பதாம் தொகுதிக்குப் பின் கதை சூடு பிடிக்கிறது.

ஐந்தாம் தொகுதியில் கோடைகாலப் போட்டித் தகுதிச் சுற்று தொடங்குகிறது. முதல் ஆட்டம் தோகோனாமி என்ற சாதாரணப் பள்ளியோடு. கராசுனோ எளிதாக ஜெயிக்கும், வேகமாகப் புரட்டிவிடலாம் என்று தோன்றும். இங்கே வேகத்தைக் குறையுங்கள். தோகோனாமி அணியில் இக்கேஜிரி என்று ஒருவன். கராசுனோ கேப்டன் டாய்ச்சியோடு நடுநிலைப் பள்ளியில் ஆடியவன். பெரிய திறமை இல்லை, பெரிய கனவும் இல்லை. தோற்றபின் அவனுக்கும் அவன் அணிக்கும் ஃபுருதாதே பக்கங்கள் ஒதுக்குகிறார். அதே நாளில் கராசுனோ பெண்கள் அணியும் தோற்கிறது. அவர்களுடைய கேப்டன் மிச்சிமியாவின் முகமும் வருகிறது. பத்திரிகையில் ஒரு வரி முடிவாக மட்டும் அச்சாகும் அணிகள் இவை. நாங்களும் வாலிபால் ஆடினோம் என்பதுதான் அந்தப் பக்கங்கள் சொல்வது. கதையில் இனி பெயர்கூடத் தேவைப்படாத ஒருவனுக்கு இவ்வளவு மரியாதை தரும் விளையாட்டுக் கதைகள் அபூர்வம். இந்த அத்தியாயத்தில் மனம் கனத்தவர்கள் கடைசித் தொகுதி வரை போவார்கள் என்று துணிந்து சொல்லலாம்.

ஆவோபா ஜோசாய் பள்ளியோடு நடக்கும் ஆட்டம் 8ஆம் தொகுதியோடு முடிகிறது. அங்கே இரண்டு நாள் நிறுத்துங்கள். தொடர் வார இதழில் வந்தபோது வாசகர்களுக்கு இயல்பாகவே கிடைத்த இடைவெளி அது. மொத்தமாகப் படிப்பவர் தானே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். உடனே ஒன்பதைத் திறந்தால் எட்டின் கனம் கரைந்துவிடும்.

போட்டி நாட்காட்டியையும் இந்த இடத்தில் தெரிந்துகொள்ளுங்கள். ஜப்பானியப் பள்ளி வாலிபாலில் இரண்டு பெரிய தேசியப் போட்டிகள்: ஒன்று கோடையில் நடக்கும் இன்டர்ஹை, மற்றது டோக்கியோவில் நடக்கும் ‘வசந்தப் போட்டி’. பெயரில் வசந்தம் இருந்தாலும் 2011 முதல் அது ஜனவரியில்தான் நடக்கிறது. பள்ளி ஆண்டு மார்ச்சில் முடிவதால் கடைசி வகுப்பான மூன்றாம் ஆண்டு மாணவர்களும் ஆட முடிகிறது. ஆனால் நுழைவுத் தேர்வுப் படிப்புக்காகப் பலர் கோடையோடு விலகிவிடுவார்கள். கராசுனோவின் மூன்றாம் ஆண்டு மாணவர்களான டாய்ச்சி, சுகவாரா, அசாஹி மூவர் முன்னாலும் நிற்கும் கேள்வி இது. கராசுனோ ஆடும் மாகாணத் தகுதிச் சுற்றுகளில் ஒருமுறை தோற்றால் வீடுதான். ஒரு தோல்வி ஓர் ஆண்டையே முடித்துவிடும்.

பலர் தாண்டிக் குதிக்கும் பகுதி

9 முதல் 12 வரை பெரும்பாலும் பயிற்சி. டோக்கியோ பள்ளிகளோடு நடக்கும் கோடை முகாமில் கராசுனோ தோற்றுக்கொண்டே இருக்கும். தோற்ற ஒவ்வொரு முறையும் தண்டனையாக மைதானத்தில் விழுந்து எழுந்து ஓடிக்கொண்டே இருப்பார்கள். கோப்பை இல்லை, கூட்டம் இல்லை. ‘அடுத்த பெரிய ஆட்டம் எங்கே?’ என்று தேடி 13க்குத் தாவுபவர்கள் ஏராளம். அப்படித் தாவினால் பிறகு வரும் ஒவ்வொரு பெரிய தருணமும் வானத்திலிருந்து விழுந்தது போல இருக்கும், ஏனென்றால் அத்தனைக்கும் விதை இங்கேதான் போடப்படுகிறது.

படிக்கும்போது ஒரு குறிப்பேட்டில் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே அவர் இங்கே கற்க முயலும் ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள். ககேயாமா பழகுவது, அடிப்பவனின் கைக்கு அருகே வேகம் இறந்து ஒரு கணம் நிற்கும் பந்தைத் தூக்க. ஹினாட்டா கண்ணைத் திறந்து அடிக்கக் கற்கிறான். நிஷினோயா 3 மீட்டர் கோட்டுக்குப் பின்னால் இருந்து எம்பிப் பந்தைத் தூக்கிக் கொடுக்க முயல்கிறான். லிபெரோ கோட்டுக்கு முன்னால் நின்று விரல்களால் உயர்த்திக் கொடுத்த பந்தை வலைக்கு மேலே அடிக்கக் கூடாது என்ற விதிக்கு அவன் கண்டுபிடிக்கும் வழி அது. யமகுச்சி, பல்பொருள் கடை நடத்தும் முன்னாள் ஆட்டக்காரர் ஷிமாடாவிடம் மிதக்கும் சர்வீஸ் கற்கிறான். சுழற்சியே இல்லாமல் போகும் பந்து காற்றில் திசை மாறித் தள்ளாடும் என்பதுதான் அந்த சர்வீஸின் சூட்சுமம். சற்றே சுழன்றாலும் சாதாரணப் பந்தாகிவிடும். மொத்த அணியும் நான்கைந்து பேர் ஒரே நேரத்தில் ஓடிவந்து எம்பும் தாக்குதலைப் பழகுகிறது. முதலில் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொள்கிறார்கள்.

இவர்களில் சுகிஷிமாவைத் தனியாகக் கவனியுங்கள். உயரமானவன், புத்திசாலி, எதற்கும் உடம்பை வருத்திக்கொள்ளாதவன். இது வெறும் பள்ளி கிளப், இதற்கு ஏன் இவ்வளவு உயிரைக் கொடுக்கிறீர்கள் என்று அவனுக்கு உண்மையாகவே புரியவில்லை. முகாமில் ஒரு மாலை, வேற்றுப் பள்ளி ஏஸ் பொகுட்டோவிடம் இதைக் கேட்கிறான். பொகுட்டோ தத்துவம் பேசுவதில்லை. ஒரே ஒரு தருணம் வரும், அது உனக்கு வந்ததா இல்லையா என்பதுதான் கணக்கு, வந்தால் அன்றுதான் வாலிபால் உன்னைப் பிடித்துக்கொள்ளும் என்கிற பொருளில் சொல்லிவிட்டுப் போகிறான். அந்தப் பக்கத்தில் ஒரு காகிதத் துண்டை வைத்துவிடுங்கள். மாகாண இறுதியில் ஷிராட்டோரிசாவா பள்ளியோடு நடக்கும் ஆட்டத்தில், 17க்கும் 21க்கும் இடையே, இதற்கான பதில் வருகிறது. வந்ததும் காகிதம் வைத்த பக்கத்துக்குத் திரும்பிப் போய் ஒருமுறை படியுங்கள். இந்தத் தொடரிலேயே மிகச் சிறந்த இடம் எது என்று கேட்டால் எங்கள் பதில் அதுதான்.

ஐந்து செட் ஆட்டத்தைப் படிக்கும் முறை

மியாகி மாகாண இறுதி ஆட்டம் ஐந்து செட். நாற்பது அத்தியாயங்கள் ஒரே மைதானத்தில் நகர்கின்றன. ஒரே மூச்சில் படித்தால் மூன்றாவது செட்டில் மூளை மரத்துப்போகும். ஓர் அமர்வுக்கு ஒரு செட் என்று வைத்துக்கொள்ளுங்கள். செட் முடிந்ததும் தாளில் மூன்றே மூன்று விஷயங்கள் குறியுங்கள்: புள்ளி, அந்தச் செட்டைத் திருப்பிய ஒரு பந்து, எதிரணி மாற்றிக்கொண்ட ஒரு திட்டம்.

பிளாக் வகைகளைப் பிரித்தறிந்தால் இந்த ஆட்டம் இரண்டு மடங்கு சுவைக்கும். பந்து செட்டர் கையைவிட்டுப் போகும் திசையைப் பார்த்தபின் எம்புவது ‘ரீட் பிளாக்’. தாமதமாகும், ஆனால் ஏமாறுவது குறைவு. அடிக்கப்போவது இவர்தான் என்று முன்பே தீர்மானித்து அவரோடு எம்புவது ‘கமிட் பிளாக்’. உள்ளுணர்வை நம்பி ஊகித்துப் பாய்வது ‘கெஸ் பிளாக்’. ஷிராட்டோரிசாவாவின் டெண்டோ ஊகிப்பவன், சுகிஷிமா பார்த்து எம்புபவன். ஒவ்வொரு பிளாக் வரும்போதும் இது எந்த வகை என்று உங்களுக்குள் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் செட்டில் தவறும், மூன்றாவது செட்டில் படத்தைப் பார்த்த உடனே சொல்லிவிடுவீர்கள்.

தாக்குதலுக்கும் இப்படியே. செட்டர் பந்தைத் தொடும் முன்பே அடிப்பவர் ஓடத் தொடங்கிவிட்டால் முதல் டெம்போ. பந்து மேலே போவதைப் பார்த்துவிட்டு ஓடினால் மூன்றாவது டெம்போ. உயரமான, நிதானமான பந்து. இரண்டுக்கும் நடுவில் இரண்டாவது. படத்தில் அடிப்பவரின் காலைப் பாருங்கள். பந்து இன்னும் செட்டருக்கு வரும் வழியில் இருக்கும்போதே கால் தரையைவிட்டுக் கிளம்பத் தயாராகிறதா என்பதிலேயே பதில் இருக்கும்.

அனிமேவைச் சேர்த்துப் பார்ப்பது

புரொடக்‌ஷன் ஐ.ஜி. தயாரித்த அனிமே (அசைவூட்டத் தொடர்) மாங்காவோடு நெருக்கமாகவே போகிறது. முதல் பருவம் 2014, 25 பகுதி. 8ஆம் தொகுதி வரை. இரண்டாம் பருவம் 2015-16, 25 பகுதி, 17 வரை. மூன்றாம் பருவம் 2016, 10 பகுதி, முழுவதும் ஷிராட்டோரிசாவா ஆட்டம். நான்காம் பருவம் 2020இல் இரண்டு துண்டாக, மொத்தம் 25 பகுதி. தேசியப் போட்டியில் இனாரிசாக்கி பள்ளியோடு நடக்கும் ஆட்டம் வரை. நெக்கோமா பள்ளியோடு நடக்கும் ஆட்டம் 2024 பிப்ரவரியில் ஜப்பானில் திரைப்படமாக வந்தது. அந்தப் படத்தோடு முதல் அறிமுகம் வேண்டாம். அந்த இரு பள்ளிகளின் உறவு நான்காம் தொகுதியின் பயிற்சி ஆட்டத்திலிருந்து கட்டப்படுவது. அது தெரியாமல் பார்த்தால் கென்மா என்ற அமைதியான செட்டரின் முகத்தில் கடைசியில் வரும் மாற்றம் ஒன்றுமில்லாமல் போய்விடும்.

நல்ல வழி, ஓர் ஆட்டத்தை முதலில் மாங்காவில் படித்துவிட்டு அதே ஆட்டத்தை அனிமேவில் பார்ப்பது. காலணி தரையில் உராயும் ஒலி, பந்து உள்ளங்கையில் அறையும் ஒலி, சர்வீஸுக்கு முன் அரங்கம் அடங்கும் நொடி ஆகியவற்றைக் காகிதம் தர முடியாது. நான்காம் பருவத்தில் இயக்குநரும் உருவ வரைவும் மாறியிருப்பதால் முகங்கள் வேறு மாதிரித் தெரியும். அசைவும் சில இடங்களில் தளர்வு. அங்கே மட்டும் மாங்காவை முன்னே வைத்துக்கொள்ளுங்கள். மாங்காவில் இனாரிசாக்கி ஆட்டம் ஃபுருதாதேயின் கோடுகள் முழு வேகம் எடுக்கும் பகுதி.

24, 25ஆம் தொகுதிகளில் ஆட்டங்கள் குறைவு. அங்கே ககேயாமாவுக்குத் தேசிய இளையோர் முகாமுக்கு அழைப்பு வருகிறது. அழைப்பே இல்லாத ஹினாட்டா இன்னொரு முகாமுக்குள் தானாகப் போய் நிற்கிறான். ஆட விடவில்லை, பந்து பொறுக்கிப் போட வைக்கிறார்கள். அலுப்பாகத் தோன்றினாலும் தாண்ட வேண்டாம். பந்து எங்கே விழும் என்பதை ஓரத்தில் நின்று கவனிக்கக் கற்றுக்கொள்கிறான். முன்பு சொன்ன லிபெரோ மாற்றத்தை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு, பின்வரிசையில் தேவையில்லாதவன் என்ற அந்த நிலை மெல்ல மாறுவது இங்கிருந்துதான் என்று புரியும்.

கடைசி நான்கு தொகுதிகளைப் பற்றி எதையும் தேடாதீர்கள். பாத்திரங்களின் பெயரை இணையத்தில் தட்டினாலே முதல் படத்தில் அவர்களுடைய எதிர்காலம் வந்து நிற்கும். உயரம் தெரிய வேண்டுமா, புத்தகத்துக்குள்ளேயே தசமப் புள்ளி வரை அச்சிட்டிருக்கிறார்கள். யாருக்கு எந்த எண் சட்டை என்பதையும் அங்கேயே பாருங்கள். ரசிகர் குழுக்களில் சேர்வதை 45 முடிந்தபின் வைத்துக்கொள்ளுங்கள்.

புத்தகத்துக்கு வெளியே ஓர் ஆட்டம்

பத்துப் பன்னிரண்டு தொகுதி ஆனதும் ஒரு நிஜ ஆட்டத்தை முழுதாகப் பாருங்கள். ஜப்பான் ஆண்கள் அணி ஆடிய ஆட்டமாக இருந்தால் இன்னும் பொருத்தம். உயரத்தில் குறைந்தவர்கள் தடுப்பாட்டத்தால் ஈடுகட்டும் முறையை அங்கே நேரில் காணலாம். 2023 நேஷன்ஸ் லீக்கில் அவர்கள் வெண்கலம், 2024இல் வெள்ளி. 2024 பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதியில் இத்தாலிக்கு எதிராக இரண்டு செட் முன்னிலையில் இருந்து, மூன்றாவது செட்டில் வெற்றிப் புள்ளி வரை போய், ஐந்து செட்டில் தோற்றார்கள். 8ஆம் தொகுதியைப் படித்தவர்கள் அந்த ஆட்டத்தைப் பார்க்கும்போது வேறு மாதிரிப் பார்ப்பார்கள்.

உங்கள் வட்டாரத்தில் மின்னொளிப் போட்டி நடந்தால் அதற்கும் போகலாம். தமிழ்நாட்டில் இதற்குப் பஞ்சமில்லை, இலங்கையிலோ வாலிபால்தான் தேசிய விளையாட்டு. போனால் பந்தைப் பார்க்க வேண்டாம். முதல் செட் முழுக்க லிபெரோவை மட்டும் பாருங்கள், எதிரணி அடிக்கும் முன்பே அவர் எத்தனை அடி நகர்ந்துவிட்டார் என்று. இரண்டாவது செட்டில் செட்டரை மட்டும். மூன்றாவதில் பந்தே கிடைக்காமல், கிடைக்கும் என்று பாசாங்கு செய்து எம்பும் நடு பிளாக்கரை. அன்று வீட்டுக்கு வந்து விட்ட இடத்திலிருந்து படியுங்கள்.

யாருக்காவது பரிசாகக் கொடுப்பதாக இருந்தால் முதல் தொகுதியை மட்டும் தனியாகக் கொடுக்காதீர்கள். 1, 2, 3 மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள். பன்னிரண்டு பதின்மூன்று வயதில் தொடங்கலாம். வன்முறை இல்லை, பேச்சில் கொஞ்சம் முரட்டுத்தனம் உண்டு, மேலாளர் மாணவியைச் சுற்றிச் சில பையன்கள் அசடு வழியும் காட்சிகள் உண்டு. கூடவே ஆறு காசும் ஒரு தாளும் வைத்துக் கொடுத்து, பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து சுழற்சியை நகர்த்திக் காட்டிவிட்டு எழுந்துவிடுங்கள். யாரைப் பிடித்திருக்கிறது என்று மூன்றாம் தொகுதி முடிந்த பிறகு கேட்டால் போதும்.